பெட்டி விட்ட சாயம்

எங்கள் குடும்பத்தில் நான் எதையாவது உறுதியாகச் சொன்னால், யாராவது ஒருவர் எழுந்து போய் ஒரு டம்ளரை எடுத்து வந்து என் முன்னால் வைப்பார். காலி டம்ளர். வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வார். சிலிண்டரில் இன்னும் பத்து நாளைக்கு கேஸ் இருக்கிறது என்றாலும் டம்ளர், இன்று மழை வராது என்றாலும் டம்ளர். புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள்களுக்கு மட்டும் இது புரியாது. அவர்களைச் சமையலறைக்கு அழைத்துப் போய் யாராவது கதையைச் சொல்வார்கள். திரும்பி வரும்போது அவர்கள் என்னைப் பார்க்கும் பார்வை மாறியிருக்கும். (அப்புறம் கொஞ்ச நாளைக்கு என் கையால டீ வாங்கிக் குடிக்க மாட்டாங்க.)

இதுவரை இந்தக் கதையை மற்றவர்கள்தான் சொல்லிவந்திருக்கிறார்கள். சொல்லச் சொல்ல டம்ளர் பெரிதாகிக்கொண்டே போகிறது. போன கிறிஸ்துமஸுக்கு அது சொம்பாகிவிட்டது. வாளியாவதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. பொறியியல் படித்துவிட்டு, கதவு செய்யும் ஒரு ஆலையில் தரச்சோதனைப் பிரிவில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வந்து இறங்கும் மரத்தின் ஈரப்பதத்தை அளப்பது என் வேலை. இரண்டு ஊசிகள் துருத்திக்கொண்டிருக்கும் சிறிய மீட்டர்; மரத்தில் குத்தினால் எண் காட்டும். பன்னிரண்டுக்குள் இருந்தால் மரம் உள்ளே வரும். மேலே போனால் லாரியோடு திரும்பிப் போகும். அப்பா வயதில் இருக்கும் வியாபாரிகள் என் கையையே பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்பார்கள். இருபத்து நான்கு வயதில் ஒருத்திக்கு இது நல்லதே அல்ல. மீட்டரைக் கைப்பையில் போட்டு வீட்டுக்கும் கொண்டுவருவேன். சிதம்பரத்தில் எங்கள் வீட்டுப் பின்சுவர், அம்மாவின் ஊறுகாய் அலமாரி, பக்கத்து வீட்டு நாய்க்கூண்டு என்று எல்லாவற்றின் ஈரப்பதமும் என் நோட்டில் இருந்தது. நாய்க்கூண்டுக்காரர் கேட்கவே இல்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த மரத்தை அளந்தாலும் அதில் ஒரு சிறு துண்டை அறுத்து, தேதி எழுதிய சீட்டு ஒட்டிப் பையில் வைத்துக்கொள்வேன். நாளைக்குப் பிரச்சினை வந்தால் காட்ட வேண்டுமே. பிரச்சினை எப்போதும் மற்றவர்களால்தான் வரும் என்று நம்பியிருந்த காலம்.

பெரிய மாமா, அதாவது அம்மாவின் அண்ணன் ஆரோக்கியசாமி, கடலூர் முதுநகரில் இருந்தார். மர வியாபாரம். கடை, பலகை எதுவும் கிடையாது. மலைப்பக்கத்தில் வனத்துறை டிப்போக்களில் ஏலம் விடும்போது போவார். காட்டில் வெட்டி இறக்கிய கட்டைகள் நம்பர் போட்டு அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றையும் கையால் தட்டிப் பார்த்து, எது எங்கே போகும் என்று அங்கேயே முடிவு செய்துவிடுவார். இந்த வேங்கை சிதம்பரத்தில் ஒரு வீட்டு நிலைவாசலுக்கு, இந்த மருது உத்திரத்துக்கு, இந்தத் தேக்கு யாரோ ஒரு பெண்ணின் கல்யாணக் கட்டிலுக்கு. கோணலாக வளர்ந்த கட்டையை யாரும் கேட்கமாட்டார்கள், மாமா கேட்பார். படகின் உள்வளைவுக்கு அதுதான் வேண்டும் என்று துறைமுகத்துப் பக்கம் வாங்கிக்கொள்வார்கள். ஒன்றுக்கும் ஆகாதது பேக்கிங் பெட்டிக்கு.

"பேக்கிங் பெட்டிக்கும் லாயக்கில்லன்னு தள்ளுறான் பாரு, அதுல அடிக்கறாங்க சவப்பெட்டி. ஆயுசு பூரா தேக்குக் கட்டில்ல படுத்தவன கடைசில ஆப்பிள் பெட்டில அனுப்பறாங்க" என்பார் மாமா.

நான் அளக்கும் மரம், தோட்டத்தில் வரிசையாக நட்டு, சீக்கிரம் வளர்த்து வெட்டுவது. மாமா அதற்கு 'பிராய்லர் மரம்' என்று பெயர் வைத்திருந்தார். காட்டு மரம் நாட்டுக்கோழி. கப்பலில் வந்து இறங்கி, வேங்கை என்ற பெயரில் விற்கப்படும் சிவப்பு மரம் இருக்கிறதே, அதற்குப் பெயர் 'பாஸ்போர்ட் வேங்கை'.

"உன் மீட்டரு கோழி செத்துதா இல்லியான்னு சொல்லும் ரெஜினா. கோழி எங்க மேஞ்சிதுன்னு சொல்லாது."

மாமாவுக்குச் சர்க்கரை வியாதி. வேங்கை மரத்தைக் குடைந்து செய்த டம்ளர் ஒன்று வைத்திருந்தார். அதில் அத்தை இரவே தண்ணீர் ஊற்றி வைப்பார். காலையில் அது டீ டிகாஷன் நிறத்தில் இருக்கும். சர்க்கரைக்கு நல்லது என்று கண்காட்சிகளில் எல்லாம் விற்கிறார்களே, அதேதான். மாமா அதைக் குடித்துவிட்டு, அந்தத் தைரியத்தில் காடாம்புலியூரிலிருந்து வரும் பலாச்சுளையை எண்ணாமல் சாப்பிடுவார். மாத்திரை டப்பா திறக்காமல் இருக்கும்.

அவர் ஏலத்தில் எடுத்த கடைசி வேங்கைக் கட்டையைச் சிதம்பரத்தில் அறுத்து, பலகைகளாக்கி, செந்தில் ஆசாரியின் பட்டறையில் அடுக்கி வைத்திருந்தார். மேல் பலகையில் சாக்பீஸில் 'விற்பனைக்கு இல்லை' என்று எழுதியிருந்தது. வீடு கட்டுகிறவர்கள் நிலைவாசலுக்குக் கேட்டு நடையாக நடந்தார்கள். தரவில்லை. அத்தையிடம் அது கட்டிலுக்கு என்று சொல்லியிருந்தார். தம்பியிடம், அதாவது எங்கள் சின்ன மாமாவிடம், அலமாரிக்கு என்று. என்னிடம் மட்டும் சொல்லவில்லை, செய்து காட்டினார். ஒருநாள் நான் அந்தப் பலகைகளில் மீட்டரைக் குத்திக்கொண்டிருந்தபோது, செருப்பைக் கழற்றிவிட்டு அடுக்கின்மேல் ஏறி மல்லாந்து படுத்தார். கைகளை மார்பில் கட்டிக்கொண்டார். கண்ணை மூடினார்.

"அளந்துக்கோ" என்றார்.

சிரித்தேன். ஆனாலும் அளந்தேன். (அதான் நான்.) தலைக்கும் காலுக்கும் இரண்டு அங்குலம் இடம் விட்டு, ஆறடி ஐந்தங்குலம் என்று நோட்டில் எழுதினேன்.

அடுத்த ஐப்பசியில் ஒரு விடியற்காலை மாமா இறந்துபோனார். நெஞ்சுவலி. அத்தை தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது.

மாமாவின் ஒரே மகள் ஸ்டெல்லா மஸ்கட்டில் நர்ஸ். என் வயதுதான். இரண்டு வருடம் முன்னால் அவள் விமானம் ஏறிய அன்று மாமா ஏலத்துக்குப் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் அவள் கிளம்பிவிட்டாள். அதன்பிறகு போனில் பேசியதோடு சரி. அன்று காலை அவள் என்னைக் கூப்பிட்டபோது அழவில்லை. குரல் மிகவும் நிதானமாக இருந்தது.

"ரெஜி, டிக்கெட்டு நாளன்னிக்கிதான் கெடைச்சிருக்கு. நான் வர்றதுக்குள்ள மூடிடாதீங்க. ஆணி அடிச்சிட்டா அப்புறம் தொறக்க மாட்டாங்க."

"மூட மாட்டாங்க. நான் இருக்கேன்."

நோட்டை எடுத்துப் பட்டியல் போட்டேன். மொத்தம் பதினான்கு. முதல் வரி, ஸ்டெல்லா வரும்வரை மூடக்கூடாது. இரண்டாவது, வேங்கைப் பலகை. அந்தப் பலகை எதற்கு என்று தெரிந்தவள் நான் ஒருத்தி. அத்தையிடம் சொன்னபோது, "எங்கிட்ட கட்டிலுன்னாரே" என்றார். பிறகு அவரே, "கட்டிலுதான்" என்றார்.

செந்தில் என்னைவிடப் பத்து வயது பெரியவர் இருப்பார். காட்டுமன்னார்கோயில் சாலையில் பட்டறை. காதில் எப்போதும் புளூடூத். என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று அளக்க என்னிடம் மீட்டர் இல்லை.

"சாய்ங்காலத்துக்குள்ள பெட்டி முடிஞ்சிடும் மேடம். ரெண்டு கோட்டு வார்னிஷ் அடிச்சி வண்டில ஏத்தி வுட்டுடறேன்."

"வார்னிஷ் வேணாம்."

"வேங்கை மேடம் இது. தண்ணி பட்டுதுன்னா சாயம் எறங்கும்."

பலகையில் மீட்டரைக் குத்திக் காட்டினேன். பதினொன்று. "எலும்பு மாதிரி காஞ்சிருக்கு. உள்ள தண்ணியே இல்ல, என்னா எறங்கும்?"

"மீட்டரு மரத்துக்குள்ள எவ்ளோ தண்ணின்னு சொல்லும். தண்ணிக்குள்ள எவ்ளோ மரம் போவும்னு சொல்லுமா மேடம்?"

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. பதிலுக்கு ஒரு உரை ஆற்றினேன். ஈரமான காற்றில் அவசரமாக அடித்த வார்னிஷ் காயாது. வெள்ளை பூக்கும். தூக்குகிறவர்கள் கையிலும் சட்டையிலும் ஒட்டும். மாமாவே வேங்கைக்கு வார்னிஷ் அடிப்பதை மேக்கப் என்றுதான் சொல்வார். எல்லாமே உண்மை. இன்றைக்குப் பரீட்சையில் எழுதினாலும் முழு மதிப்பெண் கிடைக்கும். செந்தில் புளூடூத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் "சரி மேடம்" என்றார். (அந்த 'சரி மேடம்' எனக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் காதுல விழுந்துது.)

பெட்டி அழகாக வந்தது. வைரம் பாய்ந்த பலகை, பொன்னும் செம்மண்ணும் கலந்த நிறம். எடையைக் கணக்கிட்டேன், காலிப் பெட்டியே எண்பது கிலோவுக்கு மேல். பட்டியலில் 'தூக்குவதற்கு ஆறு பேர்' என்பதை எட்டு என்று திருத்தினேன். உள்ளே, அடியில், தடித்த பாலித்தீன் விரிப்பை நானே ஒரு சுருக்கம் இல்லாமல் விரித்து, அதன்மேல் வெள்ளை சாட்டின் துணி போட்டேன். அது ஒன்பதாவது வரி. டிக் அடித்தேன். மிச்சப் பலகையில் ஒரு துண்டு அறுத்துச் சீட்டு ஒட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அடக்கத்தன்று காலை குட்டியானை வண்டியில் பெட்டியை ஏற்றித் தார்ப்பாய் கட்டிக் கடலூருக்குக் கிளம்பினோம். நல்ல மழை. ஆலப்பாக்கத்தில் ஒருமுறை, செம்மங்குப்பத்தில் ஒருமுறை வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கித் தார்ப்பாய்க்குள் கையை விட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டுகூடப் படவில்லை. அன்றைக்குக் கடலூர் மாவட்டத்தில் நனையாமல் இருந்த பொருள் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

பெட்டியை இறக்கும்போது தூக்க வந்த இளைஞர்களில் ஒருவர், "என்னா மச்சான், தேர் மாதிரி இருக்கு" என்று சின்ன மாமாவிடம் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த நாளில் நான் பெருமைப்பட்ட கடைசி இடம் அது.

அடக்கம் நாலு மணிக்கு. ஸ்டெல்லாவின் விமானம் பதினொன்றுக்கே சென்னையில் இறங்கிவிட்டது. மூன்று மணிக்குள் வந்துவிடுவாள் என்று கணக்கு. பன்னிரண்டரைக்குக் கரண்ட் போனது. மாமா இருந்த ஃப்ரீசர் பெட்டி நின்றது. ஜெனரேட்டர்காரர் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். அது இருமியதே தவிர ஓடவில்லை. ஒன்றரை மணிவரை பார்த்துவிட்டு, இனி இதில் வைத்திருக்க வேண்டாம், வேங்கைப் பெட்டிக்கு மாற்றிவிடலாம் என்று சின்ன மாமா முடிவு செய்தார். அந்த நேரத்தில் நான் தெருமுனையில் சிக்னல் தேடி நின்று ஸ்டெல்லாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். மரக்காணம் பக்கம் ரோட்டில் தண்ணீர், கார் நகரவில்லை என்றாள்.

திரும்பி வந்தபோது மாமா பெட்டிக்குள் இருந்தார். வாசலில் ஷாமியானாவுக்குக் கீழே, வெள்ளைத் துணி விரித்த இரண்டு பெஞ்சுகளின்மேல் பெட்டி. பக்கத்தில் மண்டியிட்டு, கோயில் உபதேசியார் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். மாமாவின் முகத்தில், ஏலத்தில் யாரோ தன்னைவிட அதிகமாகக் கேட்டுவிட்டது போன்ற ஒரு மெல்லிய எரிச்சல்.

மழை வலுத்தது. ஷாமியானாவின் நடுவில் தண்ணீர் தேங்கி, துணி வயிறு மாதிரி தொங்கியது. இப்படித் தொங்கினால் எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் சின்ன மாமா செய்தார்: ஒரு மூங்கிலை எடுத்து அடியிலிருந்து முட்டினார். தேங்கியிருந்த தண்ணீர் முழுவதும் ஒரு பக்கமாக உருண்டோடி, பெட்டியின் கால்மாட்டில் தொபீரென்று கொட்டியது. பெண்கள் முந்தானையால் துடைத்தார்கள். செபம் தொடர்ந்தது.

கால் மணி நேரம் கழித்து உபதேசியாரின் குரல் பாதியில் நின்றது. அவர் தன் வேட்டியைப் பார்த்தார். பிறகு பெஞ்சின்மேல் இருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார். பெட்டியின் அடி மூலையிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. பழுப்பு மஞ்சள் நிறத்தில்.

நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்தன.

"கரண்டு போனப்பவே நெனச்சேன்" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"ஒரு மணி நேரம் சும்மா கெடந்துதே. என்னா ஆவும்?"

"வாடை வருது பாரு."

வாடை வந்தது உண்மைதான். பக்கத்து வீட்டில் மழைக்கு உள்ளே எடுத்து வைத்த கருவாடு. அந்தத் தெருவில் வருடம் முழுக்க அந்த வாடைதான். ஆனால் அன்றைக்கு அதை முதல்முறையாக முகர்வதுபோல் எல்லோரும் மூக்கில் கைக்குட்டையை வைத்தார்கள்.

சின்ன மாமாவின் முகம் கறுத்துவிட்டது. "மூடிடலாம்" என்றார். "சுத்திய எடுத்தா."

"மாமா, ஸ்டெல்லா வந்துட்டிருக்கா. திண்டிவனம் வழியா சுத்தி வர்றா."

"அவ வந்து இதப் பாக்கணுமா? நாலு பேரு மூக்கப் புடிச்சிகிட்டு நிக்கற மாதிரி எங்கண்ணன் போவக் கூடாது. மூடு."

அவர் கோபத்தில் சொல்லவில்லை, கண்கள் நிறைந்திருந்தன. அண்ணனின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று முழுமனதாக நம்பினார். அதனால்தான் அவரைத் தடுக்க முடியவில்லை.

"மாமா, அது மரத்தோட சாயம். வேங்கை அப்டித்தான் விடும். மேல தண்ணி கொட்டுச்சில்ல?"

"தண்ணி கொட்டுனா தண்ணியாத்தான வடியணும்? நீ படிச்ச பொண்ணு. அதுக்காக எங்க கண்ண நாங்க நம்பக் கூடாதா?"

பையிலிருந்து என் மரத்துண்டை எடுத்து, டீ மேசையிலிருந்த வெந்நீரை ஒரு கிண்ணத்தில் பிடித்து அதற்குள் போட்டேன். "பாருங்க, இப்ப நெறம் மாறும்." மாறியது. ஆனால் மெதுவாக. வைக்கோலின் நிறம்கூட வரவில்லை. ஆய்வகத்தில் இதற்கு இரவு முழுவதும் விடுவோம். இங்கே சுத்தியல் வந்துவிட்டது. மூடியை நான்கு பேர் தூக்கினார்கள்.

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று பின்னால் பல பட்டியல்கள் போட்டுப் பார்த்திருக்கிறேன். பெட்டியின்மேல் விழுந்து அழுதிருக்கலாம். செந்திலைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டிருக்கலாம். அப்போது எனக்குத் தோன்றியது வேறு. டீ மேசையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துப் போய், அந்த மூலையில், சொட்டுக்குக் கீழே பிடித்தேன். அடி நிறைய ஒரு மடக்கு தேறியது. தூக்கிக் காட்டினேன்.

"மாமா தெனம் காலைல குடிச்சது இதான். இதே தண்ணி. இதே மரம்."

"அவுரு டம்ளர்ல குடிச்சாரு" என்றார் மூடியைப் பிடித்திருந்த இளைஞர். "இது..."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். உள்ளே பாலித்தீன் இருக்கிறது. நானே விரித்தேன். உள்ளிருந்து எதுவும் வெளியே வர வழியில்லை. ஆக, இது வேங்கைச் சாயம்தான், தொண்ணூற்றெட்டு சதவீதம். எங்கள் ஆலையில் தொண்ணூற்றைந்து இருந்தாலே கையெழுத்துப் போட்டுவிடுவோம்.

குடித்தேன்.

மைக் செட்காரர் எழுந்து சுவரோரமாக ஓடி வாந்தி எடுத்தார். பாவம், அவருக்கும் மாமாவுக்கும் முன்பின் பழக்கமில்லை. என் அம்மா இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்காகவா மாமாவுக்காகவா என்று இன்றுவரை சொல்லவில்லை. மூடியைப் பிடித்திருந்த நான்கு பேரும் அதை மெதுவாகக் கீழே வைத்தார்கள்.

அப்போது அத்தை பேசினார். காலையிலிருந்து தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர், வாயே திறக்காதவர்.

"அது வேங்கைத் தண்ணிதான். இருவது வருசமா நாந்தான ஊத்தி வெச்சேன். அந்த நெறம் எனக்குத் தெரியாதா? மூடாதீங்க. எம் பொண்ணு வரட்டும்."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன அண்ணி?" என்றார் சின்ன மாமா.

"எங்கிட்ட யாரு கேட்டீங்க?"

ஒரே ஒரு நிமிடம். அந்த வாக்கியம் ஒரே ஒரு நிமிடம் முன்னால் வந்திருந்தால் என் வாழ்க்கை வேறாக இருந்திருக்கும். அத்தையிடம் கேட்பது என் பதினான்கு வரிப் பட்டியலிலும் இல்லை.

ஸ்டெல்லா ஐந்து மணிக்கு வந்தாள். முழங்கால்வரை சேறு. பை எதையும் இறக்காமல் நேராகப் பெட்டியிடம் வந்தாள். நர்ஸ் அல்லவா, முதலில் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் பார்ப்பதுபோல. பிறகு முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் நேரமாகிறது என்று சொல்லவில்லை. ஃபாதரும் குடைக்குள் காத்திருந்தார். கடைசியில் அவளே, "மூடிக்கலாம் சித்தப்பா" என்றாள்.

எட்டு பேர் தூக்கினார்கள். கல்லறைக்குப் போய்ச் சேர்வதற்குள் எட்டு வெள்ளைச் சட்டைகளிலும் தோள்பட்டையில் மஞ்சள் படிந்துவிட்டது. அது வெளுத்தாலும் போகவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். வேங்கைச் சாயம் அப்படித்தான். இதையும் செந்தில் சொல்லியிருப்பார், நான் பேசவிட்டிருந்தால்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் குடும்பத்தின் வீராங்கனை ஆகியிருப்பேன். அடக்கம் முடிந்து வந்து எல்லோரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். எனக்குப் பாராட்டு மாதிரி ஏதோ நடந்துகொண்டிருந்தது. நானும் தன்னடக்கத்தோடு விளக்கிக்கொண்டிருந்தேன்: உள்ளே பாலித்தீன் போட்டிருந்தேன், அதனால் எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை, தெரிந்துதான் குடித்தேன்.

சின்ன மாமா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"எந்தப் பாலித்தீன்? அடில ஒரு பிளாஸ்டிக் இருந்துதே, அதுவா?"

"ஆமா."

"அத நான் உருவி எடுத்துட்டேனேம்மா. அண்ணன படுக்க வெக்கறப்ப சரசரன்னு சத்தம். எங்கண்ணன பிளாஸ்டிக் மேல படுக்க வெக்கறதான்னு மனசு கேக்கல." பிறகு அவரே சேர்த்துக்கொண்டார்: "ஜெனரேட்டர் மேலதான் போத்தி வெச்சிருக்கேன். நனையக் கூடாதுல்ல."

நான் எழுந்து கொல்லைப்புறம் போனேன். மைக் செட்காரர் நின்ற அதே சுவரோரம்தான் எனக்கும் கிடைத்தது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு காரியம் செய்திருந்தேன். (பழக்கதோஷம்.) மூடுவதற்கு முன், அந்தச் சொட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் பிடித்து ஒரு சின்னப் புட்டியில் அடைத்து, தேதி போட்டு வைத்திருந்தேன். ரத்தப் பரிசோதனை ஆய்வகம் ஒன்றில் வேலை செய்யும் தோழி, கொடு, ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறேன் என்றாள். புட்டி மூன்று மாதம் என் மேசை இழுப்பறையில் இருந்தது. ஒருநாள் அதைக் கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டேன். அளக்கக் கூடியதை அளக்காமல் விட்டது என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். அந்த இரண்டு சதவீதத்தோடு ஐந்து வருடம் குடித்தனம் நடத்தினேன்.

'குடிச்சிக் காட்டு' என்பது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. டம்ளர் வைப்பது பின்னால் சேர்ந்தது; அது சின்ன மாமாவின் கண்டுபிடிப்பு. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட, "எங்க பொண்ணு சொன்னா சொன்னதுதான், குடிச்சே காட்டும்" என்று ஆரம்பித்துவிட்டார். அவர்கள் ஏதோ பழக்கம் என்று தப்பாகப் புரிந்துகொண்டு, பஜ்ஜியை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

போன கிறிஸ்துமஸுக்கு ஸ்டெல்லா விடுமுறையில் வந்திருந்தாள். முதுநகர் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். நான் ஏதோ சொல்லப்போக, டம்ளர் வந்தது, சிரிப்பு வந்தது, சொம்பு என்று ஒருவர் திருத்தினார். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. அவள் எப்போதுமே அந்தக் கதைக்குச் சிரித்ததில்லை. எல்லோரும் கலைந்தபின், டீ பாத்திரத்தோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"ரெஜி, ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு. அந்தத் தண்ணி இனிச்சுதா?"

"இல்ல. ஒரே துவர்ப்பு. நாக்கு இழுத்துகிச்சு."

"கொஞ்சம்கூட இனிக்கல?"

"துளிகூட இல்ல. ஏன்?"

அவள் தலையசைத்தாள், ரிப்போர்ட்டைப் படித்து முடித்துவிட்ட நர்ஸ் மாதிரி.

"அப்ப அது மரந்தான். எங்கப்பாவா இருந்தா இனிச்சிருக்கும். கடைசியா டெஸ்ட் எடுத்துப் பாத்தப்ப சுகரு நானூத்தி இருவது."

சொல்லிவிட்டு, என் முன்னால் இருந்த காலி டம்ளரில் டீயை ஊற்றினாள்.